தோட்டத்துக் கோடியில் ஓர் எழுத்தறை

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று முடக்கத்துக்குப் பின், வீட்டையே அலுவலகமாக்கிக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. ஒரு காதில் குக்கர் விசிலும் மறுகாதில் பிள்ளைகளின் இணையவழி வகுப்பும் விழ, சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு பணிபுரிந்தவர்கள், கொஞ்சம் வசதி வந்ததும் தேடியது ஒரு தனியறையை. வீட்டோடு சேர்ந்தும் இருக்கவேண்டும், வீட்டிலிருந்து விலகியும் இருக்கவேண்டும். இங்கிலாந்து போன்ற நாடுகளில் தோட்டத்தில் கொண்டுவந்து பொருத்தித்தரும் மரக்குடில்களுக்கு நல்ல கிராக்கி. அவற்றின் விளம்பரங்களைப் பார்த்தால், இது நேற்று முளைத்த சிந்தனை என்றே தோன்றும். ஆனால் இதன் வரலாறு குறைந்தது 1900 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. விளம்பரங்கள் பேசாத சில செய்திகள் அந்த வரலாற்றில் இருக்கின்றன. அவற்றுக்காகவே இக்கட்டுரை.

ரோமானிய வழக்கறிஞரும் அரசு அலுவலருமான இளைய பிளினி, தம் நண்பர் கேலஸுக்கு எழுதிய நீண்ட மடல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. ரோமிலிருந்து 17 மைல் தொலைவில், லாரண்டம் கடற்கரையில் தமக்கிருந்த மாளிகையை அறை அறையாக அதில் விவரிக்கிறார். மாளிகை பெரிது. ஆனால் அவர் மனம் லயித்திருந்தது அதில் அன்று. வயலட் மலர்கள் மணக்கும் நடைமேடை ஒன்று தோட்டத்தில் நீண்டு செல்கிறது. அதன் கோடியில் தனித்து நிற்கும் சிறு கட்டடமே தம் காதலுக்கு உரியது என்கிறார். வெயில் காய ஓர் அறை. கண்ணாடித் தடுப்பும் திரைச்சீலையும் கொண்ட ஒரு மாடம். அதிலிட்ட சாய்விருக்கையில் படுத்தால் காலடியில் கடல், தலைமாட்டில் காடு. அடுத்து ஒரு படுக்கையறை. அதன் பக்கத்திலேயே தரைக்கடியில் சூடேற்றும் சிற்றறை. குறுகிய திறப்பின் வழியே வெப்பத்தை வேண்டும்போது உள்ளே விடலாம், வேண்டாதபோது நிறுத்தி வைக்கலாம்.

நம்மைப் பெரிதும் ஈர்த்தது அந்த அறையின் சுவர்தான். அறையின் சுவருக்கும் தோட்டத்துச் சுவருக்கும் இடையே ஒரு வெற்று நடைவழியை விட்டிருக்கிறார்கள். இடையிலுள்ள காற்று ஒலியை விழுங்கிவிடுகிறது. இன்றைய கட்டடக் கலைஞர்கள் இரட்டைச் சுவர் என்று சொல்லும் உத்தியேதான் இது. கடலின் இரைச்சல் கேட்பதில்லை, புயலின் ஓசை கேட்பதில்லை, அடிமைகளின் பேச்சுக்குரலும் கேட்பதில்லை என்று பிளினி மகிழ்கிறார். டிசம்பரில் சாட்டர்னாலியா விழா வரும்போது மாளிகை முழுதும் ஆட்டமும் கூச்சலுமாக இருக்கும். அடிமைகளுக்கு ஆண்டில் அந்தச் சில நாள்கள்தாம் கட்டற்றவை. அப்போது இவர் தம் தோட்டத்து அறைக்குப் போய்விடுவார். அவர்கள் விளையாட்டை இவர் கெடுப்பதில்லை, இவர் படிப்பை அவர்கள் கெடுப்பதில்லை. கனிவான ஏற்பாடுதான். ஆயினும் அந்தக் கட்டடத்தைத் தாமே எழுப்பியதாகவும் பிளினி எழுதுகிறார். அந்தத் 'தாமே'க்குள் எத்தனை பேருடைய கைகள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பற்றி மடலில் ஒரு சொல்லும் இல்லை. சூடேற்றும் அறைக்கு விறகிட்டவர் யார் என்பதும் அப்படியே.

வேறொரு மடலில், டஸ்கனிப் பகுதியிலிருந்த தம் மற்றொரு மாளிகையில் கோடைநாள்களைக் கழிக்கும் முறையைச் சொல்கிறார் பிளினி. காலையில் விழித்ததும் சாளரங்களைத் திறப்பதில்லை. இருட்டிலேயே கிடந்து வாக்கியங்களை மனத்தில் அடுக்கிக்கொள்வார். பின்னர் எழுத்தரை அழைத்து, வெளிச்சத்தை உள்ளே விட்டு, அடுக்கியதைச் சொல்லச் சொல்ல எழுதவைப்பார். எழுதுபவர்க்கு நல்ல காட்சி வேண்டுமா, காட்சியே இல்லாதிருத்தல் வேண்டுமா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. இருதரப்புக்கும் சான்றோர் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

இடையிலுள்ள நூற்றாண்டுகளை ஒரே எட்டில் தாண்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். தாண்டுவதற்குக் காரணம் உண்டு. எழுத்தையே தொழிலாகக் கொண்டு, அதன் வருவாயில் குடும்பம் நடத்தி, வீட்டிலேயே அமர்ந்து எழுதும் மனிதர் பெருவாரியாக வரலாற்றில் தோன்றுவது அப்போதுதான். பிள்ளைகள், விருந்தினர், தபால்காரர், கடன்காரர் என எல்லாரும் அதே வாசலில்தான் வந்து நின்றார்கள்.

சார்லஸ் டிக்கின்ஸ் கென்ட் மாவட்டத்தில் காட்ஸ் ஹில் என்ற வீட்டை 1856இல் வாங்கினார். வீட்டுக்கு எதிரே, சாலையின் மறுபுறத்தில், மரங்கள் அடர்ந்த மனை ஒன்றும் அவருக்கு இருந்தது. சாலையைக் கடக்காமலே அங்கே போய்வர, அடியில் ஒரு சுரங்கவழி வெட்டச் செய்தார். 1864ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பருவத்தில் அவருடைய நண்பரான நடிகர் சார்ல்ஸ் ஃபெக்டர் ஒரு விந்தையான பரிசை அனுப்பினார். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய மரத்துண்டுகள்! பொருத்திப் பார்த்தால் சுவிட்சர்லாந்துப் பாணியில் இரண்டடுக்கு மரவீடு. கொண்டுவந்து பொருத்தும் குடில் என்பது இணையக் கடைகளின் கண்டுபிடிப்பு அன்று என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். அதை மரங்களுக்கு நடுவே நிறுத்தி, மேலறையில் ஐந்து கண்ணாடிகளைப் பதித்துக்கொண்டார் டிக்கின்ஸ். இலைகளும் கதிர்வயலும் தேம்ஸ் ஆற்றின் பாய்மரங்களும் அவற்றில் வந்து விழுந்தன. சாளரம் ஒரு திசையைத்தான் காட்டும். கண்ணாடியோ முதுகுக்குப் பின்னாலிருப்பதையும் கொண்டுவந்து தரும். 1870 ஜூன் 8ஆம் நாள், வழக்கத்துக்கு மாறாகப் பிற்பகலிலும் அந்த அறைக்குப் போய் 'எட்வின் ட்ரூட்' நாவலை எழுதினார். அன்று மாலை உணவு மேசையில் மயங்கி விழுந்தவர் மறுநாள் காலமானார். நாவல் முடிவுறாமல் நின்றது. அந்த மரவீடு பின்னர் ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்கேட் மாளிகைத் தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது.

இவருக்கு ஒரு நண்பர் அறை தந்தார். மார்க் ட்வெய்னுக்குத் தந்தவர் அவருடைய மனைவியின் தமக்கை சூசன் கிரேன். நியூயார்க் மாநிலத்து எல்மைரா நகருக்கு மேலே, குவாரி ஃபார்ம் என்ற பண்ணையில் ட்வெய்ன் குடும்பம் கோடைதோறும் தங்கும். 1874இல் பண்ணை வீட்டிலிருந்து ஏறத்தாழ நூறு கஜம் தள்ளி, மேட்டின் மேல், எண்கோண வடிவில் ஓர் அறையைக் கட்டி மைத்துனருக்குப் பரிசளித்தார் சூசன். ட்வெய்ன் ஓயாமல் சுருட்டுப் பிடிப்பவர். அந்தப் புகை வீட்டுக்கு வெளியே போகட்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்ததாகச் சொல்வர். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டடி அகலம்; சுற்றிலும் பெரிய சாளரங்கள்; ஒரு கணப்பு. மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில் மாலுமி நிற்கும் மேல்தட்டு அறையை நினைவூட்டும் வடிவம் அது. இளமையில் அத்தொழிலைச் செய்தவர்தாமே ட்வெய்ன்! வெக்கை மிகுந்த நாள்களில் எல்லாச் சாளரங்களையும் திறந்துவிட்டு, தாள்கள் பறக்காமலிருக்கச் செங்கல் துண்டுகளை மேலே வைத்து, மெல்லிய உடையில் அமர்ந்து எழுதினார். 'டாம் சாயர்' நாவலிலும் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலிலும் பெரும்பகுதிகள் அங்கே உருவாயின. நம்மூர் வெயிலுக்கு யாரேனும் இப்படியோர் அறை கட்ட விரும்பினால், பின்னே வரப்போகும் ஆங்கிலேயக் குடில்களைப் பார்த்துக் கட்டுவதைவிட எல்மைராவைப் பார்ப்பது நலம். எட்டுத் திசையிலும் காற்று வரும் வழி அங்கேதான் இருக்கிறது.

காலையுணவு முடிந்து அந்த அறைக்குப் போனால், மதிய உணவையும் தவிர்த்துவிட்டு மாலைவரை அங்கேயே இருப்பார் ட்வெய்ன். யாரும் போய்த் தொல்லைப்படுத்தக் கூடாது. தவிர்க்கவியலாத தேவை வந்தால் வீட்டிலிருந்து ஒரு கொம்பை எடுத்து ஊதுவார்கள். இந்தக் கொம்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்து அறை எவ்வளவு வசதியானது என்பதை நாற்காலியும் சாளரமும் மட்டும் முடிவு செய்வதில்லை. அதற்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் இழை எத்தகையது, அதன் மறுமுனையில் நிற்பவர் யார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. பிளினி எழுத்தரை அழைத்தார். ட்வெய்னைக் கொம்பு ஊதி அழைத்தார்கள். அடுத்து வருபவருக்குத் தொலைபேசி.

பெர்னார்ட் ஷா 1906இல் ஹர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆயட் செயின்ட் லாரன்ஸ் என்ற சிற்றூரில் குடியேறினார். அவருடைய தோட்டத்துக் கோடியில், மரங்களின் மறைவில் நின்ற குடில் எட்டடிக்கு எட்டடி. நம் வீடுகளின் பூசையறை அளவுதான். உள்ளே எழுதுபலகை, பிரம்பு நாற்காலி, ஒரு சிறு கட்டில், தட்டச்சுப்பொறி, மின்கணப்பு, வீட்டோடு பேசத் தொலைபேசி. இவற்றைக் காட்டிலும் வியப்பு, குடிலின் அடியில் இருந்தது. முழுக் குடிலும் ஒரு சுழல் அமைப்பின் மேல் நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினால் திரும்பும். காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு என்று சூரியனைப் பின்தொடர்ந்தே எழுதலாம்.

இதை ஷாவின் கோணங்கித்தனங்களில் ஒன்றாகப் பலர் எழுதிவிடுகின்றனர். அது சரியன்று. சுழலும் குடில் அக்காலத்தில் பரவலாகக் கிடைத்த பொருள். அதன் பிறப்பிடம் காசநோய் மருத்துவமனை. 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். ஆனால் அதைக் கொல்லும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் மருத்துவர்களிடம் இருந்தவை நல்ல காற்று, வெயில், ஓய்வு, உணவு ஆகியவையே. நோயாளியைத் திறந்தவெளியில் படுக்கவைக்கவேண்டும். ஆனால் எதிர்க்காற்று படக்கூடாது, வெயிலும் தவறக்கூடாது. ஆகவே மூன்றுபுறம் மூடிய மரக்குடிலைச் சுழலும் அடித்தளத்தில் வைத்தார்கள். நாரிச் நகரத்து போல்ட்டன் அண்ட் பால் போன்ற நிறுவனங்கள் இத்தகைய சுழல்குடில்களைச் செய்து விற்றன. மருத்துவமனை வளாகத்தில் இருந்தது, விரைவிலேயே செல்வர் வீட்டுப் புல்வெளிக்கும் வந்து சேர்ந்தது. மருத்துவர்களை நையாண்டி செய்து நாடகமே எழுதிய ஷா, மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் அமர்ந்து எழுதியது நமக்குச் சுவையாகவே இருக்கிறது.

குடிலுக்கு அவர் 'லண்டன்' என்று பெயரிட்டிருந்தார் என்பர். வேண்டாத விருந்தினர் வாசலில் வந்து நின்றால், ஐயா லண்டன் போயிருக்கிறார் என்று பணியாளர் பொய் கலவாமல் சொல்லிவிடலாம். பணியாளரின் மனச்சான்றையும் சேர்த்துக் காத்த வடிவமைப்பு இது! 1950 செப்டம்பரில் அதே தோட்டத்தில் மரக்கிளை கத்தரிக்கும்போது விழுந்து எலும்பு முறிந்த ஷா, நவம்பர் 2ஆம் நாள் தம் 94ஆம் அகவையில் மறைந்தார். அவருடைய சாம்பலும் அவருக்கு முன் மறைந்த மனைவி சார்லட்டின் சாம்பலும் அந்தத் தோட்டத்திலேயே தூவப்பட்டன.

வேல்ஸ் நாட்டில் லாகர்ன் என்னும் கடலோர ஊரில், டாஃப் ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்தபடி பாறைவிளிம்பில் ஒரு கொட்டகை நிற்கிறது. காரை நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டது. 1949 முதல் 1953இல் தாம் இறக்கும்வரை கவிஞர் டிலன் தாமஸ் அதில் எழுதினார். குளிருக்கு ஒரு நிலக்கரி அடுப்பு. பிற்பகல் இரண்டு மணிக்கு மனைவி கேட்லின் அவரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு ஏழு மணிக்குத் திறந்துவிடுவார் என்று ஒரு செய்தி உண்டு. மதுக்கடை அருகில் இருந்ததே காரணம். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் கேட்லினும் எழுதக்கூடியவர் என்பதைச் சொல்வதில்லை. அவர் தம் நூலை வெளியிட்டது கணவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1957இல். அந்த ஐந்து மணிநேரமும் மூன்று குழந்தைகளோடு கீழேயிருந்த வீட்டில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் கொட்டகையின் வரலாறு வேறு விதமாக எழுதப்படும்.

அந்தக் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்து, அதே போல் ஒன்றைத் தம் தோட்டத்தில் கட்டச் செய்தவர் ரோல்ட் டால். பக்கிங்ஹாம்ஷயரின் கிரேட் மிஸ்ஸண்டன் ஊரில் 1954இல் வீடு வாங்கியிருந்தார். அளவுகளை லாகர்னிலிருந்து எடுத்துக்கொண்டாரே தவிர, கடலை எடுத்துவர முயலவில்லை. சாளரத்தில் திரையை இழுத்து மூடிவிட்டு எழுதுபவர் அவர். முன்பு சொன்ன வழக்கில் பிளினியின் கட்சி.

வசதி என்ற சொல்லுக்கு இந்த வரலாற்றில் மிக நேர்மையான பொருளைத் தந்தவர் டால் என்றே நாம் கருதுகிறோம். 1940இல் லிபியப் பாலைவனத்தில் போர்விமானம் நொறுங்கியதில் அவர் படுகாயமுற்றார். முதுகுவலி வாழ்நாள் முழுதும் விடவில்லை. மேசை முன் குனிந்து உட்கார இயலாது. ஆகவே தம் தாயாரின் பழைய சாய்வு நாற்காலியை எடுத்து, முதுகெலும்பில் அழுத்தம் படும் இடத்தில் ஒரு துளையை வெட்டினார். பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத்துணி ஒட்டிய பலகையை நாற்காலியின் கைகளுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார். கால் நீட்ட, விறகுக்கட்டைகள் அடைத்த பழைய பெட்டி. குளிர்ந்தால் இடுப்புவரை உறங்குபை. கை விறைக்காதிருக்க, கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் மின்கணப்பு. வேண்டும்போது அருகே இழுத்துக்கொள்வார். சுவரில் வெப்பம் வெளியேறாதிருக்க வெண்ணுரைத் தகடுகள். புகையிலைப் புகையில் அவை மஞ்சளாகிப் போயின. காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மாலை நான்கிலிருந்து ஆறு. உள்ளே ஓநாய்கள் இருக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தாராம். எந்த வடிவமைப்பாளரும் இந்த அறையைப் படம் எடுத்துத் தம் நூலில் போட்டுக்கொள்ள மாட்டார். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு பொருளும் ஓர் உடம்பின் ஒரு வலிக்கோ ஒரு குளிருக்கோ விடையாக வந்தது. 2011இல் இதன் உட்புறத்தைப் பெயர்த்து ஊரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு மாற்ற ஐந்து இலட்சம் பவுண்டு வேண்டுமென்று அறிவிப்பு வந்தபோது, ஒரு கொட்டகைக்கா இவ்வளவு என்று பொதுமக்கள் கொதித்ததும் நடந்தது.

காலவரிசையை மீறி, ரோட்மெல் ஊரை இறுதிக்கு வைத்துக்கொண்டோம். சஸெக்ஸ் மாவட்டத்துச் சிற்றூர் அது. அங்குள்ள 'மாங்க்ஸ் ஹவுஸ்' என்ற எளிய வீட்டை 1919இல் 700 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தனர் லெனர்ட் வுல்ஃபும் வர்ஜீனியா வுல்ஃபும். தோட்டத்துக் கருவிகள் போட்டுவைக்கும் கொட்டகையே வர்ஜீனியாவின் முதல் எழுத்தறை. மேலே பரணில் ஆப்பிள்கள் சேமித்திருந்தார்கள். லெனர்ட் பரணில் ஏறிப் பழங்களைத் தரம் பிரிக்கும் ஓசை, கீழே எழுதுபவரின் தலைக்குமேல் கேட்கும். 1934இல் எழுத்தறை பழத்தோட்டத்தின் கோடிக்கு, கஷ்கொட்டை மரத்தடிக்கு, தேவாலயக் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் போயிற்று. தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்து, பலகையை மடியில் வைத்து எழுதினார். தொலைவில் கேபர்ன் குன்று தெரியும். பனிக்காலத்தில் பேனா பிடிக்கவியலாத குளிர். அப்போது வீட்டுக்குள் தம் படுக்கையறைக்குத் திரும்பிவிடவேண்டியதுதான். டாலின் தொங்கும் கணப்பு இங்கே இல்லை.

பெண் எழுதவேண்டுமானால் பணமும் தனக்கென ஓர் அறையும் தேவை என்று வாதிட்ட அவருடைய புகழ்பெற்ற நூல் 1929 அக்டோபரில் வெளிவந்தது. இந்த வரலாற்றில் நாம் பார்த்த ஆண்களில் எவரும் அறையைப் பற்றி அப்படியொரு நூல் எழுத நேரவில்லை. அவர்களுக்கு அறை கிடைத்தது, அமர்ந்தார்கள். அறை கிடைக்காதவர்களின் வரலாற்றை எழுத ஒரு பெண் வேண்டியிருந்தது. அந்நூலின் பெருமை குன்றாது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில் லண்டன் வீட்டில் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1916 முதல் வுல்ஃப் வீட்டில் சமையல் பணி செய்துவந்த நெல்லி பாக்ஸல் என்ற பெண்மணிக்கும் வர்ஜீனியாவுக்கும் ஓயாத பிணக்கு. ஒருநாள் தம் அறைக்குள் வந்த எசமானியை, என் அறையைவிட்டு வெளியே போங்கள் என்று நெல்லி சொல்லிவிட்டார். வர்ஜீனியா அந்த அவமதிப்பை மறக்கவேயில்லை. தாம் அப்போதுதான் அச்சிட்டு வெளியிட்ட கருத்தைத்தான் தம் சமையற்காரியும் சொன்னார் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. 1934இல், தோட்டத்து எழுத்தறை கஷ்கொட்டை மரத்தடிக்குப் போன அதே ஆண்டில், நெல்லி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் நடிகர் சார்ல்ஸ் லாட்டன் வீட்டில் சமையல் பணிக்குச் சேர்ந்தார்.

அவ்வாண்டிலேயே ரோட்மெல் வீட்டுக்குப் புதிதாக வந்தவர் லூயி என்ற இளம்பெண். உடன் தங்கும் பணியாளராக அல்லாமல், அருகிலேயே தமக்கென ஒரு குடியிருப்பில் இருந்துகொண்டு வேலைக்கு வந்துபோனார். மதிய உணவு ஆனதும் மணியடிப்பது அவர் பொறுப்பு. தோட்டத்திலும் எழுத்தறையிலும் இருப்பவர்களுக்கு அந்த மணிதான் அழைப்பு. 1941 மார்ச் 28 அன்று பகல் ஒரு மணிக்கு வழக்கம்போல் மணியை அடித்தார். லெனர்ட் வந்தார். வர்ஜீனியா வரவில்லை, ஊஸ் ஆற்றுக்குப் போயிருந்தார். லூயி அந்த வீட்டுப் பணியில் 1969இல் லெனர்ட் இறக்கும்வரை தொடர்ந்தார். வீடும் எழுத்தறையும் 1980 முதல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளன.